நீலம் ஊதாவாக மாறுவது ஏன்? அச்சுக்குக் கொடுக்கும் வேலையை எப்போது சிஎம்வைகேக்கு மாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான்: புதுக்குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பி, தங்கச்சியின் சாமத்திய வீட்டு அழைப்பிதழைப் போட்டோஷொப்பில் தானே செய்திருக்கிறார். பளிச்சென்ற நீலப் பின்னணி, அதன் மேல் இளம்பச்சைக் கொடி வேலைப்பாடு. அச்சகத்தில் “சிஎம்வைகேயில் தாங்கோ” (அதாவது அச்சு மைகளின் நாலு நிற முறையில்) என்று கேட்க, மோடை மாற்றியிருக்கிறார். நீலம் ஊதாவாகிவிட்டது, பச்சை மங்கிவிட்டது. அப்படியே சேமித்துவிட்டுத் திரும்ப ஆர்ஜிபிக்கு, அதாவது திரையின் நிற முறைக்கு, மாற்றிப் பார்த்தும் பழைய நிறம் வரவில்லை. எங்கே பிழை, எப்படிச் சரியாக மாற்றுவது என்று கேட்கிறார்.

கிளிநொச்சியில் எனக்கு இதுதான் தொழில். நோட்டீஸ், அழைப்பிதழ், பனர், கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்) எல்லாம் செய்கிறேன். கணினியில் வேலை பழகும் பிள்ளைகள் பலர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, மாற்றுவதற்கு முன் சேமித்த கோப்பு எங்கேயாவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அந்தப் படம் நிறத்தைப் பார்த்து எடுக்க மட்டும் உதவும், அச்சுக்கு உதவாது. மாற்றித் திரும்ப மாற்றிய கோப்பை விட்டுவிடுங்கள். அவித்த நெல்லை விதைக்க முடியாது, இதுவும் அதுபோலத்தான். மையால் காட்ட முடியாத நிறங்களை மென்பொருள் சிஎம்வைகேக்குப் போகும்போதே வெட்டிவிடுகிறது. திரும்பி வரும்போது வெட்டியது எது என்று அதற்குத் தெரியாது.

ஏன் வெட்டுகிறது? திரையில் நிறம் என்பது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை எரியும். தாளில் நிறம் என்பது மை. சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் தாளில் பட்ட ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. சியான் மை சிவப்பு ஒளியை மட்டும் விழுங்கினால் நல்லது, ஆனால் பச்சையிலும் கொஞ்சம் விழுங்கும். மஜெந்தா பச்சையோடு நீலத்திலும் கை வைக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் நீலம் எடுக்க வேண்டும் என்பதால், அச்சில் மிகவும் அடிபடுகிற நிறம் நீலம். திரையின் முழு நீலத்தை, அதாவது 0, 0, 255 ஐ, போட்டோஷொப் அதன் வழமையான அமைப்பில் மாற்றினால் சியான் 88 சதவீதம், மஜெந்தா 77 சதவீதம் என்று வரும். மஜெந்தா சியானுக்கு இவ்வளவு கிட்ட நின்றால் கண்ணுக்கு ஊதாதான். உங்கள் அழைப்பிதழுக்கு நடந்தது இதுவே.

சரி, எப்போது மாற்றுவது? என் பதில்: மூலக் கோப்பை ஒருபோதும் மாற்றாதீர்கள். எங்கே, எந்த மெஷினில், எந்தத் தாளில் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, ஒரு பிரதி எடுத்து, அதை மட்டும் ஒரேயொரு தடவை மாற்றுங்கள். அச்சு என்றாலே சிஎம்வைகே என்று எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. வீட்டிலோ கடையிலோ இருக்கும் சின்ன இங்க்ஜெட் பிரிண்டரில் நாலு நிற மைதான் இருக்கிறது என்றாலும், அதைக் கணினியிலிருந்து இயக்கும் டிரைவர் மென்பொருள் எதிர்பார்ப்பது ஆர்ஜிபி. ஸ்டூடியோவில் போட்டோத் தாளில் கழுவி எடுக்கும் படத்துக்கும் ஆர்ஜிபியின் பொதுவான வகையான எஸ்ஆர்ஜிபிதான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த மெஷின் தாளில் ஒளியையே பாய்ச்சுகிறது. பனர் அடிக்கும் பெரிய மெஷினுக்கு முன்னால் ஒரு ரிப் மென்பொருள் இருக்கும். அந்த மெஷினின் மைக்கு எப்படி மாற்றுவது என்பதை அதுதான் நன்றாக அறியும். அதனால் கோயில் திருவிழா பனருக்குப் பல வேளைகளில் ஆர்ஜிபி கோப்பே நல்ல நீலம் தரும். கடைக்காரரிடம் இரண்டு விதமாகவும் ஒரு சாண் துண்டு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்துக்கு ஒரு பிளேட் வைத்து அடிக்கும் ஓப்செட்டுக்குத்தான் நாங்களே கவனமாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

போட்டோஷொப்பில், மாற்றுவதற்கு முன்பே மாற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வழி இருக்கிறது. வியூ மெனுவில் புரூஃப் செட்டப் போய், கஸ்டம் என்பதில் அச்சகம் சொன்ன புரொஃபைலை (அந்த அச்சு முறையிலும் தாளிலும் நிறம் எப்படி வரும் என்ற கணக்கு உள்ள கோப்பு) தெரிவு செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் வை தட்டினால் திரை அச்சு நிறத்தைக் காட்டும், இன்னொரு தடவை தட்டினால் பழைய நிறம். கோப்பு ஆர்ஜிபியாகவே இருக்கும். ஷிஃப்டையும் சேர்த்துத் தட்டினால் அச்சில் வராத இடங்கள் எல்லாம் சாம்பல் திட்டாகத் தெரியும். உங்கள் பின்னணி முழுக்கச் சாம்பலாகும் என்று நினைக்கிறேன். அந்த நிலையில் வைத்துக்கொண்டே நிறத்தைத் திருத்துங்கள். வடிவமைக்கத் தொடங்கும் நாளிலேயே இதைச் செய்தால் வாடிக்கையாளரும் வராத நிறத்துக்கு ஆசைப்பட மாட்டார்.

அச்சகத்தில் புரொஃபைல் என்னவென்று கேட்டால் பல இடங்களில் பதில் வராது. போட்டோஷொப் தானாக வைத்திருக்கும் ஸ்வொப் புரொஃபைல் அமெரிக்காவில் ரோல் தாளில் ஓடும் சஞ்சிகை அச்சுக்கானது. ஆர்ட் பேப்பரில் ஷீட்டாக அடிக்கும் வேலைக்கு நான் ஃபோக்ரா 39 என்ற புரொஃபைலை வைத்துக்கொள்கிறேன். மினுக்கமில்லாத சாதாரண வெள்ளைத் தாள் என்றால் அன்கோட்டட், அதாவது பூச்சில்லாத தாள் வகைப் புரொஃபைல் வேண்டும். அந்தத் தாள் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், எல்லாம் ஒரு படி கறுக்கும்.

மாற்றும்போது இமேஜ் மெனுவின் மோட் வழியாகப் போகாமல், எடிட் மெனுவில் உள்ள கன்வேர்ட் டு புரொஃபைல் வழியாகப் போங்கள். எந்தப் புரொஃபைல், எந்த முறை என்று அங்கே நீங்களே தெரிவு செய்யலாம். தட்டையான நிறங்கள் உள்ள வடிவமைப்புக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் முறையை எடுங்கள், கூடவே பிளாக் பொயின்ட் கொம்பன்சேஷன் என்பதையும் தெரிவு செய்யுங்கள். பட்டுச்சேலைப் படங்கள் போல அடர்நிறம் நிறைந்த போட்டோ என்றால் பெர்செப்சுவலையும் ஒரு தடவை பாருங்கள், அது வெட்டாமல் எல்லாவற்றையும் சேர்த்து ஒடுக்கும், மடிப்புகள் மறையாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் அசைன் புரொஃபைலைத் தொடாதீர்கள். அது எண்களை அப்படியே விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் மாற்றும். ஸ்கிரீன், ஓவர்லே போன்ற கலப்பு முறை வைத்த லேயர்கள் சிஎம்வைகேயில் வேறுவிதமாகக் கலக்கும் என்பதால் பிரதியின் படப் பகுதியை ஃபிளாட்டன் செய்து, அதாவது ஒரே லேயராக்கிவிட்டு மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு நீலத்தைக் கையால் சரிசெய்யுங்கள். சியான் 100, மஜெந்தா 60, மற்ற இரண்டும் 0. திரையில் பார்த்த மின்னல் நீலம் இது இல்லை, ஆனால் நீலம்தான், ஊதா இல்லை. சியானுக்கும் மஜெந்தாவுக்கும் இடையில் குறைந்தது 30 வித்தியாசம் விடுங்கள். அந்த இளம்பச்சை திரையில் எரிவதுபோல் வரவே வராது. சியான் 60, மஞ்சள் 100 என்று வயல் பச்சைக்கு இறங்குங்கள், இல்லையென்றால் கொடியை மஞ்சளாக்குங்கள். மஞ்சளும் குங்குமச் சிவப்பும் மையில் அழகாக வரும் நிறங்கள். மஞ்சள் 100 உடன் மஜெந்தா 15 போட்டால் நல்ல மஞ்சள், இரண்டும் 100 என்றால் குங்குமம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸ் போன்றவற்றில் நிறம் பற்றிய முறைப்பாடு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எழுத்து. இதைத்தான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். ஆர்ஜிபியில் கறுப்பு 0, 0, 0. ஸ்வொப்பில் மாறும்போது அது சியான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிறது. மொத்தம் 300 சதவீத மை. பெரிய கறுப்புப் பின்னணிக்குப் பரவாயில்லை. 8 பொயின்டில் இருக்கும் தமிழ் எழுத்துக்கு அது ஆகாது. நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் ‘ண’வின் சுழிகள் அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளி கலங்கும், ஓரத்தில் சிவப்பு நிழல் விழும். அழைப்பிதழில் மாமா, மாமி பெயர்களெல்லாம் அந்த அளவில்தான் வரும், ஒரு புள்ளி போனால் பெயரே பிழைக்கும். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் 0. முடிந்தால் எழுத்தைப் போட்டோஷொப்பில் வைக்காதீர்கள். படத்தை மட்டும் அங்கே முடித்து, இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ கோரலிலோ எழுத்தைப் போடுங்கள். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால் தடித்த எழுத்துரு எடுங்கள்.

கல்வெட்டு செய்வோருக்கும் இதே விசயம் பொருந்தும். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்குப் போரோடு படங்களும் போய்விட்டன. இறந்தவரின் முகம் அடையாள அட்டையில் மட்டும் மிஞ்சியிருக்கும். “அண்ணை, இது ஒண்டுதான் கிடக்கு” என்று கொண்டுவந்து தருவார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நாலு நிறத்தில் விட்டால் ஒரு புத்தகத்தில் முகம் பச்சையாகவும் இன்னொன்றில் சிவப்பாகவும் வரும். கிரேஸ்கேலுக்கு மாற்றிக் கறுப்பு மையில் மட்டும் விடுங்கள். மாற்றிய பின் நடு நிறங்களை வழமையைவிடச் சற்று வெளிறவிடுங்கள், தாளில் அது கறுக்கும். கண்ணும் மீசையும் மையில் மூழ்கிப்போகாமல் இருக்க வேண்டும், வீட்டில் காலத்துக்கும் வைத்துப் பார்க்கப்போகும் முகம் அது.

மற்ற மென்பொருள்கள் பற்றிச் சுருக்கமாக: இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு கோப்புக்கு ஒரு நிற மோட்தான், அதைத் தொடங்கும்போதே சிஎம்வைகே என்று வையுங்கள். கோரலில் இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து இருக்கலாம், அதனால் பிடிஎஃப் எடுக்கும்போது ஒவ்வொரு பொருளையும் சரிபார்க்க வேண்டும். கன்வாவில் சிஎம்வைகே பிடிஎஃப் காசு கட்டும் கணக்குக்குத்தான். கிம்பில் 2025 இல் வந்த 3.0 பதிப்பு அச்சு நிறத்தை முன்கூட்டிப் பார்க்கவும் சிஎம்வைகேயாக ஏற்றுமதி செய்யவும் விடுகிறது, கோப்பு உள்ளே ஆர்ஜிபிதான்.

கடைசிச் சோதனை அக்ரோபட் புரோவில். அவுட்புட் பிரிவியூவைத் திறந்து சியான், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் அணைத்துவிட்டுக் கறுப்பை மட்டும் விடுங்கள். எழுத்து முழுக்க நிற்க வேண்டும். பிறகு அந்த மூன்றையும் திரும்பப் போட்டுவிட்டுக் கறுப்பை மட்டும் அணையுங்கள். எழுத்து எங்கேயும் மிஞ்சக்கூடாது. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ வேலையை அனுப்புகிறீர்கள் என்றால் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்க முடியாது. அதனால் அதே தாளில் ஒரு டிஜிட்டல் பிரதி அடித்து ஏ9 பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள். போனில் படம் பிடித்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், போன் திரை நிறத்தைத் தன் பாட்டுக்கு ஏற்றிக் காட்டும். பிரதி கைக்கு வந்ததும் பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள்.