மலையேறும் சிறிய கார்

கேள்வி: என்னுடைய 998 சிசி மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் சிக்னலில் நிற்கையில் லேசாக அதிர்கிறது, நான்கு பேருடன் ஏலகிரி ஏறும்போது திணறுகிறது. என்ஜினில் கோளாறா?
– வாசகர், காட்பாடி

பதில்: இவை கோளாறின் அறிகுறிகளாகத் தெரியவில்லை. நான்கு சிலிண்டர் என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 180 பாகை திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டரில் எரிதல் நிகழ்கிறது. மூன்று சிலிண்டரிலோ 240 பாகைக்கு ஒருமுறைதான் என்பதாலும், பிஸ்டன்களின் இயக்கம் என்ஜினின் இரு முனைகளையும் மாறி மாறி ஆட்டுவதாலும், வண்டி நிற்கையில் என்ஜின் மெல்ல ஓடும்போது அந்தத் துடிப்பு ஸ்டீயரிங் வரை வரும். திடீரென அதிகரித்தால் மட்டும் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரையும் ஸ்பார்க் பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையேற்றத்தில்தான் ஓட்டுபவரின் பங்கு பெரிது. ஆற்காடு சாலை நெரிசலில் உயர் கியரில் மெல்ல ஊர்ந்து பழகிய கை, மலையிலும் அதையே செய்கிறது. டர்போ இல்லாத இவ்வகை என்ஜின்கள் பலவற்றில் முழு இழுவிசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 சுற்றில்தான் கிடைக்கும். ஆகவே அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில், ஒவ்வொன்றுக்கும் முன்பே இரண்டாம் கியருக்கும், பாரம் மிகுந்தால் முதல் கியருக்கும் மாறி, சத்தத்துக்கு அஞ்சாமல் சுற்றை உயர விடுங்கள். செங்குத்தான இடங்களில் ஏ.சி.யை நிறுத்தலாம். இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரலில் விடவே கூடாது.