அண்ணன் பட்டறையிலிருந்து மாண்ட்ரியல் விமானத் தொழிலுக்கு வழி உண்டா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் மாண்ட்ரியல் வந்து நான்கு மாதம் ஆகிறது, லாங்கேயில் ஒரு மெஷின் ஷாப்பில் சிஎன்சி, அதாவது கணினி இயக்கும் மெஷின்களுக்கு, புரோகிராமர் வேலை. கோயம்புத்தூரில் உங்கள் அண்ணன் எட்டு சிஎன்சி மெஷின் வைத்து பம்ப் பாகங்களும் ஸ்பின்னிங் மில் பாகங்களும் செய்துகொடுக்கிறார். இங்கே வெளியில் கொடுத்த ஜாப் ஒர்க் எதுவும் நேரத்துக்கு வருவதில்லை என்று உங்கள் மேனேஜர் தினமும் புலம்புகிறார். "ஒரு டிராயிங்கை போனில் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பி விலை கேட்கட்டுமா? இந்த ஊர் விமானக் கம்பெனிகளுக்கு நம்மால் சப்ளை செய்ய முடியுமா?" இதுதான் நீங்கள் கேட்டது.

சப்ளை செய்ய முடியும். ஆனால் அந்த டிராயிங்கை அனுப்பாதீர்கள். படம் ஏற்கெனவே போனில் இருக்கிறது என்றால் யாருக்கும் போகவிடாமல், நாளைக் காலையில் முதல் வேலையாக உங்கள் சூப்பர்வைசரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் டிராயிங் என்பது கைமாறிக்கொண்டே இருக்கும் காகிதம். நாலு பட்டறைக்கு அனுப்பி, நாலு விலை வாங்கி, குறைந்தவருக்குக் கொடுப்போம். இங்கே அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் ரகசியம் என்று மட்டும் இருந்தாலே அனுப்பக் கூடாது. 'ஐடார்' என்று இருந்தால் அது அமெரிக்க ராணுவ ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வருகிறது. கனடாவிலும் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. அதில் பதிவு செய்த நிறுவனம், பாதுகாப்புச் சோதனை முடித்த ஆள், இவர்கள் மட்டுமே அந்த டிராயிங்கைக் கையில் எடுக்கலாம். கனடாவுக்கு ஐடார் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, இந்தியாவுக்கு அவை இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் போனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது ஏற்றுமதிதான். குற்றம் நிரூபணமானால் இங்கே பத்து ஆண்டு வரை சிறை, 20 லட்சம் டாலர் வரை அபராதம் என்று சட்டமே சொல்கிறது. குடும்பத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்தவர் நீங்கள், அந்தப் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் ஷாப்புக்கே உங்கள் அண்ணன் சப்ளையராக வந்தால், அதை முதலில் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்து, பிறகு தெரியவந்தால் பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இருவர் பெயரும் கெட்டுவிடும். உங்கள் ஒர்க் பர்மிட் ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்டது என்றால், சொந்தமாக ஏஜென்சி வைத்துக் கமிஷன் வாங்கவும் உங்களுக்கு அனுமதி கிடையாது. பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, கையில் வரும்வரை அண்ணனுக்கு வழி சொல்லுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம்.

இனி தொழிலுக்கு வருகிறேன். நீங்கள் வந்து இறங்கியிருக்கும் ஊர் சாதாரண ஊர் இல்லை. சியாட்டில், துலூஸ், மாண்ட்ரியல் என்று மூன்றையும் சேர்த்தே இந்தத் துறையில் சொல்வார்கள். ஒரு விமானத்துக்கு வேண்டிய ஏறத்தாழ எல்லாமே இந்த நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாமல் கிடைத்துவிடும். மிராபெலில் ஏர்பஸ் ஏ220 விமானத்தைப் பாகம் பாகமாகக் கோக்கிறார்கள். பொம்பார்டியே தொடங்கிய சி சீரிஸ்தான் அது, 2018-ல் ஏர்பஸ் கைக்குப் போய் ஏ220 ஆனது. பொம்பார்டியே இப்போது தனியார் ஜெட்டுகளோடு நிற்கிறது. உங்கள் லாங்கேயிலேயே பிராட் அண்ட் விட்னி கனடா இருக்கிறது, அவர்களுடைய பிடி6 எஞ்சின் மட்டும் 50,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். அதே ஊரில்தான் எரூ கம்பெனி, 1969-ல் நிலவில் இறங்கிய அப்போலோ கலத்தின் கால்களைச் செய்தது. ஹெலிகாப்டருக்கு பெல், லேண்டிங் கியருக்கு சாஃப்ரான், சிமுலேட்டருக்கு சிஏஇ.

இந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்த்து மயங்கி நேராக அங்கே போய்க் கதவைத் தட்டாதீர்கள். பெரிய கம்பெனிகள் வருடத்துக்கு வருடம் சப்ளையர் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் பார்க்கின்றன. எட்டு மெஷின் பட்டறைக்கு அங்கே பதில் மின்னஞ்சல்கூட வராது. அவர்களுக்குக் கீழே இருபது, ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் ஷாப்புகள் இருக்கின்றனவே, உங்கள் ஷாப் மாதிரி, அவர்கள்தான் திணறுகிறார்கள். மெஷின் இருக்கிறது, நிற்க ஆள் இல்லை. ஓய்வுபெறும் மெஷினிஸ்டின் இடத்துக்கு ஆள் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள். அண்ணன் பிடிக்க வேண்டிய இடம் அது.

ஆனால் அவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பது புரிய வேண்டும். நான் 2004-ல் வந்தபோது எனக்கும் புரியவில்லை. கோவையில் லேத்திலும் மில்லிங்கிலும் பழகிய கை, டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள் பாகம் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இங்கே ரிசீவிங் இன்ஸ்பெக்ஷனில், வந்து சேரும் பாகங்களைச் சோதிக்கும் வேலையில், உட்கார்ந்த முதல் வருடம், வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே அறுபது டைட்டானியம் ஃபிட்டிங். ஒவ்வொன்றையும் தனித்தனி நுரைக் குழியில் வைத்திருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன், ஓரிடத்தில்கூடப் பிசிறு இல்லை. சிஎம்எம் என்ற அளவெடுக்கும் மெஷினில் வைத்து அளந்தேன், எல்லா அளவும் டாலரன்ஸின் நடுவில் வந்து உட்கார்ந்தது. செய்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு காகிதத்தைப் பிரித்தேன். ஒரு தடவை உருக்கிய உலோகத்துக்கு ஆலை கொடுக்கும் எண்தான் ஹீட் நம்பர். பையில் கட்டியிருந்த சீட்டில் அதன் கடைசி இலக்கம் 8. ஆலை கொடுத்த மில் சர்டிபிகேட்டில் 6.

அவ்வளவுதான். சிவப்பு டேக் கட்டி, கம்பி வலைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். அந்த டைட்டானியம் எந்தத் தடவை உருக்கியதில் வந்தது என்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. நடுவில் இருந்த உலோக வியாபாரி இரண்டு கம்பிகளை மாற்றி அறுத்திருக்கிறார், அல்லது எழுதும்போது தவறியிருக்கிறது. எது என்று கடைசி வரை தெரியவில்லை. சில வாரம் கழித்து அறுபதையும் பேண்ட் சாவில் வைத்து இரண்டு துண்டாக அறுத்தோம். தவறிப்போய்க்கூட யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கழித்த பாகத்தை அப்படித்தான் அழிப்பார்கள். அறுத்தவன் நான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆக, பாகத்தோடு அதன் ஜாதகமும் வர வேண்டும். எந்த ஆலையில் உருகியது, யார் அறுத்தது, எந்த மெஷினில் யார் ஓட்டியது, எந்த கேஜால் அளந்தது, அந்த கேஜை யார் எப்போது சரிபார்த்தது, எல்லாம். இருபது வருடம் கழித்து ஏதோ ஒரு விமானத்தில் அந்தப் பாகம் விரிசல் விட்டால், அதே தடவை உருக்கியதில் பிறந்த மற்றவை எந்தெந்த விமானத்தில் பறக்கின்றன என்று தேடிப் பிடிக்க வேண்டும். அந்த விமானத்தில் நம் வீட்டுக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் காகிதமெல்லாம் எதற்கு என்ற கேள்வியே வராது.

இதற்கு முதல் படி ஏஎஸ் 9100 சான்று. ஐஎஸ்ஓ 9001 என்ற பொதுத் தரச் சான்றுக்கு மேல் விமானத் துறைக்கான கட்டுப்பாடுகளைச் சேர்த்தது. சான்று வாங்கியவர்கள் பெயர் 'ஒயாசிஸ்' என்ற பொதுப் பட்டியலில் வரும். இங்குள்ள பர்ச்சேஸ்காரர் விலையைப் பார்ப்பதற்கு முன்பே அதில் உங்கள் பெயரைத் தேடுவார். அண்ணனிடம் ஐஎஸ்ஓ ஏற்கெனவே இருந்தாலும் இதற்கு ஒரு வருடம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆலோசகரை வைத்து ஃபைல் மட்டும் தயார் செய்து சான்று வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. இங்கிருந்து ஆடிட்டுக்குப் போகிறவர் நேராக மெஷின் பக்கத்தில் நிற்கும் பையனிடம் போய், "இந்த மைக்ரோமீட்டர் கீழே விழுந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார். ஃபைலில் இருப்பது அந்தப் பையன் வாயில் வரவில்லை என்றால் அதோடு கதை முடிந்தது.

அடுத்தது நாட்கேப். ஹீட் ட்ரீட்மெண்ட், அனோடைசிங், வெல்டிங், விரிசல் சோதனை போன்ற வேலைகளைக் கண்ணால் பார்த்துச் சரி, தப்பு சொல்ல முடியாது. அதனால் அந்தச் செயல்முறைக்கே தனிச் சான்று கேட்பார்கள், அதுதான் நாட்கேப். வாடிக்கையாளரின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத இடத்தில் அனோடைசிங் செய்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. சிறிய பட்டறைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். என் யோசனை, அண்ணன் இதில் இறங்கவே வேண்டாம். மெஷினிங்கை மட்டும் முடித்து அனுப்பட்டும். மேற்பூச்சையும் சோதனையையும் வாங்குகிறவர் இங்கேயே, தான் அங்கீகரித்த இடத்தில் பார்த்துக்கொள்வார். லாபம் கொஞ்சம் குறையும், தலைவலி பாதிக்கு மேல் குறையும்.

உண்மையில் அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பறக்காத பொருள்கள். வேலை செய்யும்போது பாகத்தைப் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸர், துளையிட வழிகாட்டும் டிரில் பிளேட், அசெம்பிளி டிராலி, பாகத்தைத் தூக்கி நிறுத்தும் தாங்கிகள். ஒரு விமானம் கோக்கும் இடத்தில் இவை ஆயிரக்கணக்கில் தேவைப்படும். விமானத்தில் ஏறாது என்பதால் காகிதச் சங்கிலி அவ்வளவு நீளம் இல்லை, நாட்கேப் வாடையே இல்லாத வேலைகள் நிறைய உண்டு. ஆனால் துல்லியம் வேண்டும், அது கோவைக் கைகளிடம் தாராளமாக இருக்கிறது. ஒரு ஷாப்புக்கு இரண்டு வருடம் ஃபிக்ஸர் செய்துகொடுத்து, சொன்ன தேதியில் சொன்னபடி வந்து சேர்ந்தால், மூன்றாவது வருடம் அவர்களே பறக்கும் பாகத்துக்கு விலை கேட்பார்கள். நான் அண்ணன் இடத்தில் இருந்தால் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

ராணுவ ஆர்டர் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஐடார் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கனடா அரசிடம் பெரிய ராணுவ ஆர்டர் வாங்கும் நிறுவனம் அந்த மதிப்புக்கு இணையாகக் கனடாவுக்குள்ளேயே தொழில் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. அந்த வேலையை வெளியே விட அவர்களுக்கு மனம் வராது.

பணக் கணக்கையும் அண்ணனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கே பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான் ஒப்பந்தம். பொருள் வந்து, சோதித்து, ஏற்றுக்கொண்ட பிறகு அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று பணம் வரும். மூலப்பொருளுக்கோ முன்பணம் கொடுக்க வேண்டும், விமானத் தரத்து அலுமினியம் பக்கத்துக் கடையில் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. முதல் ஆர்டர் கையில் வந்து முதல் பணம் வருவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடலாம். அதுவரை பம்ப் வேலைதான் சோறு போடும், அதை விட்டுவிடக் கூடாது. வாராக்கடனுக்கு இந்திய அரசின் இசிஜிசி காப்பீடு இருக்கிறது, எடுக்கச் சொல்லுங்கள். சுங்கவரிக்குப் பயப்பட வேண்டாம். பயணிகள் விமானப் பாகங்களுக்கு வரி இல்லை என்ற 1980-ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தத்தில் கனடா இருக்கிறது.

பிரெஞ்சு படியுங்கள். வெறும் வேலைக்காக இதைச் சொல்லவில்லை. பர்ச்சேஸ்காரர் ஆங்கிலம் பேசுவார், ஆனால் மெஷின் பக்கத்தில் நிற்கும் பெரியவர், உங்கள் அண்ணன் பாகத்தை முதலில் கையில் எடுத்துப் பார்க்கப்போகிறவர், பிரெஞ்சில்தான் அபிப்பிராயம் சொல்வார். அந்த அபிப்பிராயம் மேலே போகும். அரசாங்கம் நடத்தும் 'ஃப்ரான்சிசாசியோன் கெபெக்' வகுப்புக்குக் கட்டணம் கிடையாது, இந்த மாதமே பெயர் கொடுங்கள்.

இவ்வளவு சொன்னதில் மனம் சோர்ந்துவிட வேண்டாம். 2024 பிப்ரவரியில், மிராபெலில் கோக்கும் அதே ஏ220 விமானத்தின் கதவுகள் அத்தனையையும் செய்யும் ஒப்பந்தம் பெங்களூரு டைனமேட்டிக் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. அது பெரிய நிறுவனம், பல வருட உழைப்பு. ஆனால் அவர்களுக்கும் சின்னச் சின்ன பாகங்கள் வெளியிலிருந்து வேண்டும், கோவைக்கும் பெங்களூருக்கும் ஒரு ராத்திரிப் பயணம்தான். கனடாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் அண்ணன் அங்கே ஒரு நடை போய்வரட்டும்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. அண்ணன் தன் சொந்த டிசைனில் செய்யும் பம்ப் பாகம் ஒன்றை எடுக்கட்டும், இருபது இருபத்தைந்து அளவுகள் உள்ளதாக. டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் வட்டம் போட்டு எண் கொடுத்து, முதல் பாகத்தைச் சோதித்து எழுதும் ஏஎஸ் 9102 படிவம் மூன்றையும் நிரப்பட்டும். முதல் படிவம் பாகத்தின் விவரம், இரண்டாவது மூலப்பொருளும் செயல்முறைகளும், மூன்றாவது ஒவ்வோர் அளவும் என்ன கேட்டது, என்ன வந்தது. மில் சர்டிபிகேட்டும் கேஜ் சர்டிபிகேட்டும் கூடவே இணைக்கட்டும். ஹீட் நம்பரைக் கம்பியிலிருந்தே பார்த்து எழுதச் சொல்லுங்கள், பில்லைப் பார்த்து எழுத வேண்டாம். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். ஒரு ரிசீவிங் இன்ஸ்பெக்டர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்து, சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.