குடிநோய், போதை வைத்தியம்: சிஸ்டரின் பதில்கள்

குடிநோய் வார்டில் பதினான்கு வருடமாகச் செவிலியர் வேலை. எந்த நாட்டில் எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு பொடி விற்கிறார்கள். கொடுக்கலாமா சிஸ்டர்?

வேண்டாம் அம்மா. அதில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. டைசல்ஃபிரம் கலந்திருந்தால் ஆபத்து. 1948-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் குடிக்கு மருந்தாக அறிவித்த மாத்திரை அது. போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ‘இன்று மாத்திரை போட்டிருக்கிறேன், குடிக்கக் கூடாது’ என்ற நினைப்புதான் அவரைத் தடுக்கிறது. தெரியாமல் கொடுத்தால் அந்த நினைப்பு எங்கிருந்து வரும்?

கே: அப்பா தினமும் குடிப்பவர். இன்றோடு நிறுத்து என்று ரூமில் பூட்டி வைக்கலாமா?

தம்பி, தயவுசெய்து செய்யாதே. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம். எங்கள் வார்டில் மூன்றாம் நாள் இரவு ஒரு பெரியவர் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். எறும்பே இல்லை. “இந்தப் பக்கமும் ஏறுது பாரும்மா” என்று என் கையைப் பிடித்து இழுத்தார், உடம்பெல்லாம் வியர்வை. இதற்கு நரம்பை அமைதிப்படுத்தும் குளோர்டையசிபாக்சைடு மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்போம், தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவோம். வீட்டில் பூட்டி வைத்து இதைச் சமாளிக்க முடியாது.

கே: சுவிட்சர்லாந்தில் அரசே ஹெராயின் கொடுக்கிறதாமே?

உண்மைதான். 1980-களின் கடைசியில் சூரிச் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் பட்டப்பகலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992-இல் பூங்காவை மூடினார்கள். கூட்டம் பக்கத்திலிருந்த லெட்டன் ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது, 1995-இல் அதையும் மூடினார்கள். இடையே 1994-இல் இந்த வைத்தியம் தொடங்கியது. எல்லோருக்கும் கிடையாது. பதினெட்டு வயது, குறைந்தது இரண்டு வருட அடிமைத்தனம், வேறு வைத்தியம் இரண்டு முறையாவது தோற்றிருக்க வேண்டும். மருந்தைப் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே, செவிலியர் கண் முன்னால் போட்டுக்கொள்வார்கள். 2008 வாக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் இதை ஆதரித்தார்கள். அன்றே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க மறுத்தவர்களும் அதே மக்கள்தான்.

கே: வரிப்பணத்தில் போதை கொடுப்பது வைத்தியமா? சிங்கப்பூரைப் போலப் பிடித்து உள்ளே போட்டால் சரியாகிவிடும்.

அண்ணா, ஒரே மாத்திரையை இரண்டு நாடுகள் எப்படி நடத்தின என்று பாருங்கள். ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் புப்ரினார்ஃபினை பிரான்சில் 1996 முதல் சாதாரண குடும்ப டாக்டரே எழுதிக் கொடுத்தார். 1999-க்குள் அளவு மீறிய போதையால் இறப்பவர் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. சிங்கப்பூரில் அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது பெருகியதால் 2006-இல் கடும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்கள் பயத்துக்கும் காரணம் இருந்தது.

கே: பிரான்சிலும் அதைக் கைமாற்றி விற்கிறார்களே?

விற்கிறார்கள், மறுக்கவில்லை. ஊசியில் ஏற்றினால் உடம்பு படுத்தட்டும் என்று, போதையை முறிக்கும் நாலாக்ஸோன் சேர்த்த மாத்திரையும் வந்தது. இங்கே பஞ்சாபிலும் 2017 முதல் புறநோயாளி மையங்களில் அதைக் கொடுக்கிறார்கள். கள்ளச்சந்தைக்குப் போகும் மாத்திரையைக் கண்காணித்துக் குறைக்கலாம். பூட்டி வைத்து வெளியே விடும்போது பழைய தாங்கும் சக்தி உடம்பில் இருக்காது. முன்பு போட்ட அளவையே போட்டு இறந்துபோகிறார்கள். அதற்கு உங்களிடம் என்ன வழி இருக்கிறது என்று சொல்லுங்கள், பேசுவோம்.

கே: போர்ச்சுகலில் போதைப்பொருள் சட்டபூர்வமா?

இல்லை. 2001 முதல், பத்து நாள் தேவைக்குள் வைத்திருந்தால் குற்றவழக்கு கிடையாது, மூவர் குழு முன் போக வேண்டும். விற்றால் சிறை.

கே: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்?

குடியை நிறுத்த விரும்புபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் இல்லை. போய்ப் பாருங்கள்.

கே: மூலிகைப் பொடியாக இருந்தால் தெரியாமல் கொடுக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். எந்தப் பொடியானாலும் கூடாது. இதையே நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

கே: கணவர் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்துவிட்டார் சிஸ்டர். என்ன கொண்டுபோக வேண்டும்?

நல்ல செய்தி அம்மா. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், பழைய ரிப்போர்ட்டுகளும். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். முன்பு வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். வண்டியை அவர் ஓட்ட வேண்டாம். இன்று ராத்திரியே நிறுத்து என்று சண்டை போடாதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, புத்தி தடுமாறினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.