செட் ப்ளே கேள்வி பதில்: கட் போகிறவர் காத்திருக்க வேண்டும்

பாஸ்கெட்பாலில் மேன்-டு-மேன் டிஃபென்ஸுக்கு (ஆளுக்கு ஒரு ஆளாகக் காப்பது) எதிராக செட் ப்ளே (யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்பே வரைந்து பழகியது) ஓடுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கிறது. வந்த வரிசையில் போகிறேன்.

பள்ளி அணியின் கோச்: எங்கள் பையன்களுக்கு ஒரே ஒரு செட் ப்ளேதான் சொல்லித்தர நேரம் இருக்கிறது. எதைச் சொல்லித்தரலாம் சார்?

யூசிஎல்ஏ கட். கட் என்றால் பந்து கையில் இல்லாமல் ரிங்கை நோக்கிச் சட்டென்று வெட்டி ஓடுவது. ஜான் வுடன் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆக்கியவர். சென்டர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று ஆடும் அவருடைய ஹை போஸ்ட் ஆட்டத்திலிருந்து பெயர் பெற்ற கட் இது. இன்றைக்கும் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் ஓடுகிறது, பள்ளி கிரவுண்டிலும் ஓடுகிறது.

பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்ட் மேலே, அதாவது ரிங்குக்கு எதிரே தூரத்தில், நடுவில். வலது விங்கில், அதாவது வலது ஓரத்தில், ஒருவர்; அவரையும் விங் என்றே சொல்கிறேன். சென்டர் வலது எல்போவில், அதாவது ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது முனையில். மற்ற இருவரும் இடது பக்கம், ஒருவர் விங்கில், ஒருவர் கார்னரில். அந்தக் கார்னர் ஆளை ரிங்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிடாதீர்கள். அவரைக் காப்பவரும் அங்கேயே நின்று வழியை அடைத்துக்கொள்வார்.

கார்ட் வலது விங்குக்குப் பாஸ் கொடுக்கிறார். சென்டர், கார்டைக் காக்கும் டிஃபெண்டருக்குப் பின்னால் வந்து, தன் முதுகு ரிங்கைப் பார்த்திருக்கும்படி ஸ்கிரீன் நிற்கிறார், அதாவது அந்த டிஃபெண்டரின் வழியை உடம்பால் மறித்து நிற்கிறார். கார்ட் இடது பக்கம் இரண்டு அடி மெதுவாக நடந்துவிட்டு, சட்டென்று திரும்பி, சென்டரின் தோளோடு தோள் உரச ரிங்கை நோக்கி ஓடுகிறார். விங் உள்ளே பாஸ் கொடுத்தால் லே-அப், ரிங்குக்குப் பக்கத்தில் போய்ப் போடும் எளிய ஷாட்.

பத்தில் ஏழெட்டு தடவை அந்த லே-அப் கிடைக்காது. சென்டரின் டிஃபெண்டர் கட்டைத் தடுக்கக் கீழே இறங்கியிருப்பார். அதனால் சென்டர் இரண்டு அடி வெளியே வந்தாலே தனி ஆள். விங் அவருக்குப் பாஸ் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, ரிங்குக்குப் பக்கத்தில் பிளாக்கில் நிற்கும் கார்டுக்கு ஸ்கிரீன் நிற்கிறார். கார்ட் அதைச் சுற்றிக்கொண்டு விங்குக்கு ஏறி வந்து, சென்டரிடமிருந்து பந்தை வாங்கி ஷூட் செய்கிறார். ஒரே ஓட்டத்தில் மூன்று வாய்ப்பு. ஷூட் செய்யக் கிடைக்கும் 24 விநாடியில் தாராளமாக முடியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சென்டரின் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்ற பிறகுதான் கார்ட் வெட்ட வேண்டும். இதை இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

உயரத்தை அதிகப்படுத்த என்ன சாப்பிடலாம் அண்ணா?

டாக்டரிடம் கேளுங்கள் தம்பி.

கல்லூரி ஆட்டக்காரர்: விங்குக்கு முதல் பாஸே போகவில்லை. அவரைக் காப்பவர் பாஸ் வரும் வழியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ப்ளே தொடங்குவதற்கு முன்பே செத்துவிடுகிறது.

நல்ல கேள்வி. பாஸை மறைக்க மேலே ஏறி நிற்கிறவருக்குப் பின்னால் ரிங் வரைக்கும் காலியிடம்தான். கார்ட் பந்தை எல்போவில் நிற்கும் சென்டரிடம் கொடுக்கட்டும். பந்து சென்டரின் கையில் பட்ட அந்தக் கணம், விங் வெளியே ஒரு அடி வைத்துவிட்டு உள்ளே ஓடட்டும். தரையில் ஒரு பவுன்ஸ் பாஸ், லே-அப். பேக்டோர் என்பது இதுதான்.

1996 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின் முதல் சுற்றில், முந்தைய ஆண்டு சாம்பியனான யூசிஎல்ஏவும் பிரின்ஸ்டனும் மோதின. ஸ்கோர் 41-41, கையில் சில விநாடிகள். பிரின்ஸ்டன் சென்டர் ஸ்டீவ் குட்ரிச் பாஸ் கொடுக்க, கேப் லெவுல்லிஸ் பேக்டோர் போய் லே-அப் போட்டார். 43-41. பிரின்ஸ்டன் கோச் பீட் காரில் இந்த பேக்டோரைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வந்தார். வரும் என்று எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் பந்து ரிங்குக்குள் போனது, பாஸும் கட்டும் ஒரே நேரத்தில் நடந்ததால். உங்கள் விங் அவசரப்பட்டு, சென்டர் பந்தைப் பிடிப்பதற்கு முன்பே ஓடினால் பாஸ் கொடுக்க ஆள் இருக்காது. இங்கேயும் காத்திருக்க வேண்டும்.

எதிரணி ஜோன் போட்டால் இந்த ப்ளே ஓடுமா?

ஓடாது. ஜோனில் ஆளை விட்டு இடத்தைக் காப்பார்கள்; அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சென்டர் ஆடும் பையன்: போன மேட்சில் மூன்று முறை மூவிங் ஸ்கிரீன் என்று விசில் ஊதிவிட்டார்கள். மூன்று ஃபவுல். கோச் என்னைத்தான் திட்டினார். நான் என்ன செய்ய வேண்டும்?

தம்பி, முதலில் விதி. ஸ்கிரீன் நிற்பவர் இடித்துக்கொள்ளும் நேரத்தில் அசையாமல், இரண்டு காலும் தரையில் இருக்க நிற்க வேண்டும். கையையும் இடுப்பையும் வெளியே நீட்டக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் டிஃபெண்டரின் கண்ணுக்கு எதிரே என்றால், மேலே படாமல் எவ்வளவு பக்கத்திலும் நிற்கலாம். அவர் முதுகுக்குப் பின்னால் என்றால் ஒரு சாதாரண அடி வைக்க இடம் விட வேண்டும். அவர் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு அடி வைக்க இடம். யூசிஎல்ஏ கட்டில் கார்டின் டிஃபெண்டர் உன்னைப் பார்ப்பதே இல்லை, நீ பின்னால் வருகிறாய். அந்த ஒரு அடியை விடு.

அப்புறம் உன் கோச்சுக்கு ஒரு வார்த்தை. இந்த மூன்று ஃபவுலில் குறைந்தது இரண்டு கார்டுடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். கார்ட் முன்னாலேயே ஓடிவிடுகிறார், டிஃபெண்டர் அவரோடு ஓடுகிறார், சென்டர் எப்படியாவது பிடிக்க வேண்டும் என்று இடுப்பைத் தள்ளுகிறார். ஃபவுல் சென்டர் கணக்கில் ஏறும். தப்பு கட் போனவருடையது.

மாவட்டப் போட்டிகளில் விசில் ஊதும் ஒருவர்: இதை ஒத்துக்கொள்ள முடியாது சார். அசைந்தவர் யாரோ அவர்தான் பொறுப்பு. நீங்கள் இப்படிச் சொன்னால் சென்டர்கள் எல்லாம் கார்டைக் கைகாட்டிவிட்டுத் திருந்தாமலே இருப்பார்கள்.

விசிலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சென்டர் எந்தக் காரணத்துக்காக அசைந்தாலும் ஃபவுல்தான், அதில் விவாதமே இல்லை. நான் பேசுவது மறுநாள் பிராக்டிஸைப் பற்றி. சென்டரை மட்டும் திருத்தினால் அவர் அடுத்த மேட்சில் அசையாமல் நிற்பார், டிஃபெண்டர் ஸ்கிரீனைத் தொடாமலே ஓடிவிடுவார். ஃபவுல் குறையும், ப்ளேயும் போய்விடும்.

அதே நடுவர்: அப்படியென்றால் சென்டர் சீக்கிரம் வந்து நிற்க வேண்டியதுதானே? தாமதமாக வருவது அவர் தப்பு இல்லையா?

இருக்கலாம். தாமதமாக வரும் சென்டர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சென்டர் எப்போது வந்து சேருவார் என்பது கார்டின் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கார்டின் டிஃபெண்டர் எங்கே நகர்வார் என்பது சென்டரின் கையில் இல்லை. பார்க்க முடிகிறவர் காத்திருப்பதுதான் சுலபம். என் அணி ஒரு பள்ளி இறுதிப் போட்டியில் இந்த ப்ளேயில்தான் தோற்றது. கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கார்ட் அரை விநாடி முன்னால் ஓடினான். எங்கள் சென்டர் இடது காலை மட்டும் கொஞ்சம் அகட்டினான். விசில். அது அவனுடைய ஐந்தாவது ஃபவுல், ஆட்டத்தை விட்டே வெளியே. சரியான விசில்தான், நடுவர் மேல் எனக்குக் குறையே இல்லை. அந்தப் பையன் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கார்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் தவறு. அன்றிலிருந்துதான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பாயிண்ட் கார்ட் ஒருவர்: நான் காத்திருந்தால் டிஃபெண்டர் திரும்பி ஸ்கிரீனைப் பார்த்துவிடுகிறாரே, கோச்?

காத்திருப்பது என்றால் மரம் மாதிரி நிற்பது இல்லை. மெதுவாக நடந்து, உங்கள் டிஃபெண்டரை ஸ்கிரீனுக்கு நேராக இழுத்துக்கொண்டு வாருங்கள். அவர் கண் உங்கள் மேல் இருக்கும்வரை பின்னால் பார்க்க மாட்டார். பாஸ் போனதும் அவர் பந்துப் பக்கம் ரொம்ப நகர்ந்துவிட்டாரா? சென்டரின் இன்னொரு தோள் பக்கமாக வெட்டுங்கள். பிராக்டிஸில் என் பையன்கள் சென்டரின் இடுப்பைக் கையால் தொட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். தொடாமல் ஓடினால் ப்ளே திரும்ப முதலிலிருந்து. பத்து நாளில் பழகிவிடும்.

மேன்-டு-மேனை உடைக்க பெஸ்ட் ப்ளே எது?

முதல் பதில்.

எதிரணி எல்லா ஸ்கிரீனுக்கும் ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். ஸ்விட்ச் போட்டால் செட் ப்ளே எல்லாம் வேஸ்ட்தானே?

இல்லை. ஸ்விட்ச் ஆனதும் எதிரணிக் கார்ட் உங்கள் சென்டர் மேல் நிற்பார், அவர்களுடைய உயரமானவர் கட்டோடு கீழே போயிருப்பார். இரண்டு விதமாகச் செய்யலாம். அந்தக் குள்ளமான டிஃபெண்டரை முதுகில் அடைத்துக்கொண்டு சென்டர் எல்போவில் பந்தைக் கேட்கலாம். அல்லது ஸ்லிப். "ஸ்விட்ச்" என்று அவர்கள் கத்தும் சத்தம் காதில் விழுந்ததுமே, ஸ்கிரீன் நிற்காமல் சென்டர் நேராக ரிங்குக்கு ஓடுவது. அப்போது கார்ட் மேலேயே நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் இருவரும் ஒரே இடத்துக்குப் போய் முட்டிக்கொள்வார்கள். இடது பக்கத்து இருவரும் வெளியே விரிந்து நின்றால்தான் இது நடக்கும், கார்னர் ஆளைப் பற்றி முதலில் சொன்னதை மறுபடி படியுங்கள்.

12 வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை செட் ப்ளே வேண்டும்?

ஒன்றுகூட வேண்டாம். மூன்றுக்கு மூன்று ஆட விடுங்கள். பாஸ் கொடுத்துவிட்டு ரிங்குக்கு ஓடவும், பேக்டோர் போகவும், ஸ்கிரீனில் காத்திருக்கவும் அதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

டிரையாங்கிள் செட் ப்ளே பற்றி விளக்குங்கள்.

கோச்சுகள் டெக்ஸ் வின்டரும் ஃபில் ஜாக்சனும் என்பிஏ அணிகளான சிகாகோ புல்ஸிலும் லேக்கர்ஸிலும் ஆட வைத்த டிரையாங்கிள், டிஃபெண்டர் நிற்கும் இடத்தைப் படித்து அடுத்த பாஸை முடிவு செய்யும் முறை. வரைந்து மனப்பாடம் செய்கிற ப்ளே கிடையாது. இந்தக் கேள்வி பதிலுக்குள் அது அடங்காது.

பாஸ்கெட்பாலில் மேன்-டு-மேனை ஜெயிக்க ஒரு நல்ல ப்ளே சொல்லுங்கள்.

இதே கேள்வி மூன்றாவது தடவை வருகிறது. தயவுசெய்து மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

நாளைக்குக் காலையில் மேட்ச். இன்றைக்கு ராத்திரி பையன்களுக்கு இந்த ப்ளேயை வாட்ஸப்பில் வரைந்து அனுப்பலாமா சார்?

அனுப்பாதீர்கள். கார்ட் கட்டாயம் முன்னால் ஓடுவார், சென்டருக்கு ஃபவுல் விழும். நாளைக்கு அவர்களுக்குத் தெரிந்ததையே ஆடட்டும். மேட்ச் முடிந்து அடுத்த பிராக்டிஸில் ஐந்து பேரையும் டிஃபெண்டர் இல்லாமல், பந்துகூட இல்லாமல், நடந்தே செய்ய வையுங்கள். சென்டரின் கால் ஊன்றும் சத்தம் கேட்டதும் கார்ட் ஓடட்டும்.