வாசகர் கேட்டவை: துவைக்கும் கல்லருகே ஆறுமணிக்குருவி

புரட்டாசி பிறந்தது முதல் வடசென்னை வாசகர்களிடமிருந்து பறவைகளைப் பற்றிய கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் நான்கிற்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: இரவு முழுவதும் பெய்த மழை விட்ட விடியற்காலையில், எங்கள் கொல்லையில் துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் இடையே, மைனாவைவிடச் சற்றுச் சிறிய பறவை ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் மின்னும் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வால் இருப்பதே தெரியவில்லை. யாரோ வளர்த்த கூண்டுப் பறவை தப்பி வந்திருக்கிறது என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை, அம்மா. உங்கள் கொல்லைக்கு வந்தது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் முதற்பெயர் வந்தது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. பறவையியலில் இதற்கு வழங்கும் ‘பிட்டா’ என்ற பெயர் தெலுங்கிலிருந்து சென்றது. உங்கள் தெருவில் தெலுங்கு பேசுவோரைக் கேட்டால், அதற்குக் குருவி என்றே பொருள் சொல்வார்கள்.

தரையில் தத்தித் தத்தி இரைதேடும் இப்பறவை, வலசைப் பயணத்தை மட்டும் இரவில் மேற்கொள்கிறது. அவ்வாறு வரும்போது கட்டடங்களின் விளக்கொளியில் திசை தடுமாறியும், கண்ணாடிச் சன்னலில் மோதியும், வெறுமனே களைத்தும் வீடுகளுக்குள் இறங்கிவிடுவதுண்டு. அடுத்த முறை கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, அதில் மெல்ல வைத்து மூடி, சந்தடியில்லாத இருட்டறையில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் சோறு ஊட்டுவதும் கூடாது. அலகைப் பிளந்து ஊற்றும் நீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் பறவை இறந்துவிடும். தெளிந்ததும் மாலை மங்கும் நேரத்தில், காக்கைகள் அடைந்த பிறகு, மரத்தடியில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அழகாக இருக்கிறதென்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூவரச மரத்தில் சின்னானைப் போலக் கருந்தலையும் கொண்டையும் உடைய, செங்கல் நிறப் பறவை ஒன்றைப் பார்த்தேன். சின்னானில் இப்படியும் ஒரு வகை உண்டா?
- வாசகர், கொளத்தூர்

பதில்: நீங்கள் கண்டது அரசவால் ஈப்பிடிப்பான், பெண்ணாகவோ இளம் ஆணாகவோ இருக்கலாம். சின்னானுக்கு வாலடியில் சிவப்பு இருக்கும், இதற்கு இராது. வளர்ந்த ஆணுக்கு உடலைவிட நீளமான நாடா போன்ற வால் உண்டு. அவற்றுள் சில வெள்ளை வெளேரென்று இருக்கும்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஆவணி, புரட்டாசியில் எங்கள் முருங்கை மரத்தின் ஒரே கிளையில், கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியது போன்ற பழுப்புப் பறவை வந்து உட்கார்ந்து கரகரவென்று கத்துகிறது. அதே பறவைதானா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: அதேதான் என்று உறுதிகூற அதன் காலில் ஆய்வாளர்கள் மாட்டும் அடையாள வளையம் இருந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் ஐயம் வீணானதன்று. அது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா, வடகிழக்குச் சீனா ஆகிய பகுதிகளில் கூடு கட்டுவது. வளையமிட்டு ஆராய்ந்தபோது, ஒரே கீச்சான் அடுத்தடுத்த ஆண்டுகளில் குளிர்காலத்துக்கு அதே இடத்துக்குத் திரும்பி வருவது தெரியவந்திருக்கிறது. கரகரவென்று அது கத்துவது மற்றக் கீச்சான்களுக்கு, ‘இந்த இடம் எனக்கு’ என்று அறிவிப்பதற்காக. பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து ஒரு முருங்கைக் கிளையைத் தேடி வருகிற பறவை என்பதை எண்ணி, சித்திரை வரையிலாவது அந்தக் கிளையை வெட்டாமல் வைத்திருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வலசைப் பறவைகளுக்காக மாடியில் அரிசி இறைக்கிறேன், காக்கையும் புறாவும்தான் வருகின்றன. பார்த்ததை எழுதி வைக்கவும் சொல்கிறீர்கள். யாருக்கு அது பயன்படும்?
- வாசகி, மாதவரம்

பதில்: மேலே சொன்ன மூன்றுமே பூச்சி, புழு தின்பவை, அவற்றுக்கு அரிசி வேண்டாம், சருகு வேண்டும். சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டு வாதுமை மரத்தடியில் ஆறுமணிக்குருவி ஒன்றைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டி எறிந்து, குட்டை வாலை மெல்ல ஏற்றி இறக்கி, மண்ணைக் கிளறி ஒரு புழுவை இழுத்தது. மறுநாள் துப்புரவாகப் பெருக்கிவிட்டோம், அது வரவில்லை. மரத்தடிச் சருகைப் பெருக்காமல் விடுங்கள், ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர் வையுங்கள், பூனை பதுங்க இடமில்லாத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறித்து பறவைக் குறிப்புகளைத் திரட்டும் ‘ஈபேர்ட்’ இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பறவைகள் எப்போது வருகின்றன, எங்கே தங்குகின்றன என்பதை ஆய்வாளர்கள் இத்தகைய குறிப்புகளிலிருந்தே கணிக்கிறார்கள். கிண்டியையும் பள்ளிக்கரணையையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். மாதவரத்துக் கொல்லையைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும். காக்கையையும் புறாவையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக அமரத் தொடங்கிய முதல் நாளைக் குறித்திருந்தால், அந்தத் தேதியை எனக்கும் எழுதியனுப்புங்கள்.