பட்டறைக் கத்தி வாங்குமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: "கையால் அடித்த டமாஸ்கஸ் கத்தி, பழங்கால முறை" என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் 2,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அலகு முழுக்க அலை அலையாக வரி, பார்க்க அழகுதான். ஆனால் மூன்றே வாரத்தில் தக்காளித் தோல்கூட இறங்க மறுக்கிறது. வரியே பொய் என்கிறாள் தோழி. எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, ஈரோடு)

பதில்: அவசரப்பட்டு எமரித் தாளால் தேய்த்துவிடாதீர்கள், தேய்த்த பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று விற்றவர் நழுவிவிடுவார். கத்தியின் முதுகை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இன்று டமாஸ்கஸ் என்று விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் காய்ச்சி ஒன்றாக அடித்து, கடைசியில் அமிலத்தில் நனைத்து எடுப்பது. நிக்கல் கலந்த அடுக்கு பளபளவென்று நிற்கும், மற்றது கறுக்கும், அதுதான் வரி. வரி இரும்புக்குள்ளேயே ஓடுவதால் முதுகிலும் மெல்லிய கோடுகளாக அடுக்கு தெரிய வேண்டும். முதுகில் நல்ல பாலிஷ் ஏறியிருந்தால் மங்கியிருக்கலாம், ஆனால் சுத்தமாக ஒன்றுமே இல்லாமல் பக்கவாட்டில் மட்டும் வரி இருந்தால், மேலே பொறித்த வரி என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

"பழங்கால முறை" என்றதை நான் நம்பவே மாட்டேன். அந்தக் கால டமாஸ்கஸ் வாளுக்குப் போன எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசையில் (உருக்கும் குடுவையில்) உருக்கியது. உங்கள் மாவட்டத்துக் கொடுமணலிலேயே எஃகு வேலை நடந்த தடயம் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. அடுக்கி அடித்த இன்றைய கத்தி முற்றிலும் வேறு வேலை.

ஆனால் உங்கள் உண்மையான குறை மழுங்கியதுதானே? வரி அசலாகவே இருந்தாலும் துவைச்சல், அதாவது காய்ச்சி அமிழ்த்திக் கடினமாக்கும் வேலை, சரியில்லாவிட்டால் வாய் (வெட்டும் விளிம்பு) கூராக நிற்காது. முதுகை, வாயை, விற்பனைப் பக்கத்தை எல்லாம் படம் எடுத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: தனியாகக் கத்தி செய்து தருபவர் ஒருவர் எட்டு அங்குலக் கத்திக்கு 9,000 ரூபாய் கேட்கிறார். கடையில் 600 ரூபாய்க்கே கிடைக்கிறதே, இது தகுமா? (வாசகர், கோவை)

பதில்: இரண்டு வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் என்றால் தாராளமாகத் தகும். ஒன்று, முன்னே சொன்ன துவைச்சல். அலகை 800 டிகிரிக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் கடினமாகும், ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும், அதனால் மறுபடி 200 டிகிரி சுற்றில் இரண்டு மணி நேரம், பெரும்பாலும் இரண்டு தடவை, சூடுகாட்டி இளக்குவார்கள். எவ்வளவு கடினம் என்று ராக்வெல் எண்ணில் கேளுங்கள். ஜெர்மன் கத்திகள் 56 முதல் 58, ஜப்பானியக் கத்திகள் 60-க்கு மேல். முருங்கைக்காயும் மீன் முள்ளும் புழங்குகிற நம் சமையலறைக்கு 58 முதல் 60 போதும் என்பது என் கருத்து. எந்த எஃகு, என்ன கடினம் என்று கேட்டதும் பதில் வராமல் பிடியின் மரத்தைப் பற்றியே பேசுகிறவரிடம் நான் முன்பணம் கொடுக்கமாட்டேன்.

இரண்டாவது, தேய்த்து மெலிசாக்குவது. நான் முதலில் செய்யச் சொன்ன கத்திக்கு லாரி ஸ்பிரிங் பட்டையை எடுத்திருந்தார்கள். நல்ல இரும்புதான், ஆனால் முதுகு 4 மி.மீ., அந்தத் தடிமன் வாய்வரை அப்படியே இறங்கியிருந்தது. கேரட்டில் வைத்து அழுத்தினால் பாதி வரை போகும், அப்புறம் 'டக்'கென்று பிளந்து ஒரு துண்டு அடுப்படிக்கு ஓடும். கூர் இருந்தும் வெட்டு இல்லை. இப்போது வைத்திருப்பது முதுகில் 2 மி.மீ., வாய்க்குச் சற்று மேலே அரை மி.மீ.கூட இல்லை, வெங்காயத்தில் இறங்கும்போது சத்தமே கேட்காது. அந்த மெலிசுக்கு மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும், துவைச்சலுக்குப் பிறகு தேய்க்கையில் அடிக்கடி தண்ணீரில் நனைக்காவிட்டால் வாய் நீலம் பாய்ந்து மறுபடி மிருதுவாகிவிடும். 9,000 ரூபாயில் பெரும்பங்கு அந்தப் பொறுமைக்குத்தான், கொடுக்கலாம்.

விலைக்கு வாங்குமுன் அவர் ஏற்கெனவே செய்த கத்தி ஒன்றைக் கேட்டு வாங்கி, கையோடு ஒரு கேரட் கொண்டுபோய் வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். எஃகு, நீளம், தடிமன், தரும் தேதி, வாய் உதிர்ந்தால் சரிசெய்து தருவாரா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: சேர்க்க ஆரம்பித்து நான்கு கத்தி ஆகிவிட்டது. புளி, வெங்காயம் பட்ட இடமெல்லாம் நீலமும் சாம்பலுமாக மாறுகிறது. துருவா? (வாசகர், சென்னை)

பதில்: இல்லை, கார்பன் எஃகு (ஸ்டெயின்லெஸ் அல்லாத எஃகு) அப்படித்தான் நிறம் மாறும், அந்தப் படலம் ஓரளவு துருவையும் தடுக்கும். செம்மஞ்சளாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு, அதை உடனே தேய்த்து எடுங்கள். வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும், ஊற விடவே கூடாது. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தாளில் சுற்றி வையுங்கள். சமையல் எண்ணெய் தடவினால் நாளடைவில் பிசுக்காகிவிடும், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு போதும்.