ஆஃபர் காய்கறி உண்மையில் மலிவா?

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் வாரம் ஒரு நாள் காய்கறிக்கு ஆஃபர் போடுகிறார்கள். உழவர் சந்தையைவிட அது லாபமா? எப்படி ஒப்பிடுவது?
– வாசகி, மதுரை

பதில்: சில காய்களுக்கு லாபம்தான், மொத்தப் பைக்கும் அல்ல. தக்காளி, வெங்காயம் என நாலைந்துதான் அடிமாட்டு விலைக்கு வரும். பக்கத்தில் இருக்கும் பீன்ஸும் இஞ்சியும் வழக்கமான விலைதான். கை அங்கேதான் நீளும்.

எல்லாவற்றையும் கிலோ கணக்குக்கு மாற்றுங்கள். 250 கிராம் 19 ரூபாய் என்றால் கிலோ 76. அடுத்தது கழிவு. ‘ஒன்று 30 ரூபாய்’ காலிஃப்ளவரைத் தராசில் வையுங்கள். இலை, தண்டோடு 900 கிராம் காட்டும் பூவில், நறுக்கினால் 500 கிராம்தான் தேறுகிறது என்று வையுங்கள். கிலோ 60 ஆகிவிடுகிறது. பச்சைப் பட்டாணியை உரித்தால் பெரும்பாலும் பாதிகூட மிஞ்சாது.

உழவர் சந்தையில் (முதல் சந்தையே உங்கள் ஊரில் 1999-ல் தொடங்கியதுதான்) அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பிளாஸ்டிக் உறையிலுள்ள தக்காளியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் சீக்கிரம் அழுகும். 3 கிலோ பையில் 1 கிலோ குப்பைக்குப் போனால், கிலோ 20 என்று வாங்கியது 30 ஆகிவிடும். செங்காயாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். கீரையை மட்டும் ஆஃபரில் தொடாதீர்கள். பெரும்பாலும் முந்தைய நாள் கட்டாகத்தான் இருக்கும்.